நகர மையத்தை ஒட்டிய பழைய புறநகரில் குடியிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு தேடத் தொடங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையோரம் புதிதாக எழும் மனைப்பிரிவுகளைத்தான் முதலில் பார்க்கின்றன. அதே தொகைக்கு, சில சமயம் சற்றுக் கூடுதலான தொகைக்கு, நகர மையத்திலிருந்து சில மைல் தொலைவில் நூறு வயதான வீடுகளும் பெரிய மரங்களும் நடந்துபோகக் கடைத்தெருவும் உள்ள புறநகர்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் குடியிருப்பவள் என்ற முறையில் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதிரி இடங்களைச் சொல்கிறீர்கள்?

சிகாகோவின் மேற்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓக் பார்க், பாஸ்டனுக்குள் புகுந்து நிற்கும் புரூக்லைன், கிளீவ்லாந்துக்குக் கிழக்கே ஷேக்கர் ஹைட்ஸ், செயின்ட் லூயிஸை ஒட்டிய யூனிவர்சிட்டி சிட்டி, தலைநகர் வாஷிங்டன் டி.சி. எல்லையில் டகோமா பார்க். இவை தனி நகராட்சிகள். அட்லாண்டாவின் இன்மன் பார்க் போன்றவை புறநகராகத் தொடங்கி, பிறகு பெருநகரின் பேட்டைகளாகிவிட்டவை. பெரும்பாலான பழைய அமெரிக்க நகரங்களில் இப்படி ஒன்றிரண்டாவது இருக்கும்.

அந்தக் காலத்தில் மட்டும் ஏன் இப்படிக் கட்டினார்கள்?

டிராம்தான் காரணம். 1888-இல் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதுவரை குதிரை இழுத்த வண்டிகள் போன தூரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தூரம் அதே நேரத்தில் போக முடிந்தது. நிலம் வாங்கி விற்பவர்களே பல ஊர்களில் டிராம் தடத்தையும் போட்டார்கள். இன்மன் பார்க்கை 1889-இல் உருவாக்கிய ஜோயல் ஹர்ட், அதை நகர மையத்தோடு இணைக்கும் மின்சார டிராமையும் கொண்டுவந்தார். ஷேக்கர் ஹைட்ஸைத் திட்டமிட்ட வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் 1920-இல் கிளீவ்லாந்து மையத்துக்கு ரயில் விட்டார்கள். அந்தத் தடம் இன்றும் ஓடுகிறது.

டிராமில் வந்து இறங்குகிறவர் வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். ஆகவே நிறுத்தத்திலிருந்து ஐந்து அல்லது பத்து நிமிட நடைக்குள் எத்தனை வீடுகளை அடக்க முடியுமோ அத்தனையை அடக்கினார்கள். மனை அகலம் குறைந்தது. நாற்பதடி மனைகளாகப் பிரித்தால் நானூறடித் தெருவில் ஒரு பக்கத்துக்குப் பத்து வீடு. இன்றைய மனைப்பிரிவில் நூறடி மனை என்றால் அதே நீளத்தில் நான்குதான். பத்து வீடு இருக்கும் தெருவில் மூலையில் ஒரு கடை பிழைக்கும். நான்கு வீடு இருக்கும் தெருவில் பிழைக்காது. நடக்கத் தகுந்த ஊரின் ரகசியம் முழுவதும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. அழகான விளக்குக் கம்பமும் செங்கல் பாவிய நடைபாதையும் பிறகு வருபவை. புது மனைப்பிரிவில் அவற்றை நட்டுவைத்து 'பழைய ஊர்ச் சாயல்' என்று விற்கிறார்கள். கடைக்குப் போக மட்டும் காரை எடுக்க வேண்டும்.

பிறகு ஏன் இதை விட்டார்கள் என்றால், கார் வந்தது. அதோடு சட்டமும் சேர்ந்தது. 1926-இல் யூக்ளிட் என்ற ஒஹையோ கிராமத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலப் பயன்பாட்டுப் பிரிப்பைச் செல்லும் என்றது. வீடு ஓரிடம், கடை ஓரிடம், அடுக்குக் குடியிருப்பு வேறிடம் என்று பிரிப்பது நாடெங்கும் வழக்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய புறநகர்கள் அந்த வழியில் போயின. 1956-க்குப் பின் வந்த நெடுஞ்சாலைகள் பல பழைய பேட்டைகளை நடுவில் பிளந்தன. இன்று நாம் ரசிக்கும் சில இடங்கள் தப்பியதற்குக் காரணம், அங்கிருந்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதுதான். ஷேக்கர் ஹைட்ஸின் ஏரிகளை விழுங்கப் பார்த்த கிளார்க் நெடுஞ்சாலையை மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். அது வரவிருந்த வழியில் இப்போது ஓர் இயற்கை மையம் இருக்கிறது. இன்மன் பார்க்கிலும் ஒரு நெடுஞ்சாலைத் திட்டம் இப்படித்தான் கைவிடப்பட்டது. வீடு பார்க்கும்போது இந்தக் கதைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்காக ஒருமுறை எழுந்து நின்றவர்கள் உள்ள இடத்தில் நகராட்சிக் கூட்டங்களுக்கு இன்றும் ஆள் வருகிறது.

விளம்பரத்தில் 'நடந்தே போகலாம்' என்று போடுகிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

வாக் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை வீட்டு விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 2007-இல் தொடங்கிய இந்த முறை பூஜ்யத்திலிருந்து 100 வரை எண் கொடுக்கும். கடை, பள்ளி, பூங்கா போன்றவை கால் மைலுக்குள் இருந்தால் முழுப் புள்ளி; தூரம் கூடக் கூடப் புள்ளி குறைந்து, ஒன்றரை மைலில் இல்லாமல் போகும். 70-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான வேலைகளை நடந்தே முடிக்கலாம்; 90-க்கு மேல் இருந்தால் அன்றாட வேலைகளுக்குக் கார் தேவையில்லை என்று பொருள்.

பட்டியலைச் சுருக்க இந்த எண் உதவும். முடிவெடுக்க உதவாது. நடைபாதை உடைந்திருக்கிறதா, மாலை ஆறு மணிக்குக் குறுக்குச் சாலையைக் கடக்க முடியுமா, நிழல் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. 72 மதிப்பெண் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே ஆறு தடச் சாலை ஓடலாம்.

ஆகவே நடந்து பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, பால் வாங்கிக்கொண்டு, இரு கையிலும் பையோடு திரும்புங்கள். இருட்டிய பிறகு ரயில் நிலையத்திலிருந்து ஒருமுறை வாருங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போய்ப் பாருங்கள். நடைபாதையில் எந்த இடத்தில் சக்கரம் இடறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். வீட்டுக்குள் நாற்பது நிமிடம் சுற்றிப் பார்த்தால், வெளியே அதைப் போல இரு மடங்கு நேரம் செலவிடுங்கள். நீங்கள் வாங்குவதில் பாதி வெளியேதான் இருக்கிறது.

கார் இல்லாமல் இருந்துவிடலாமா?

சில இடங்களில் முடியும். பெரும்பாலான இடங்களில் இரண்டு காரை ஒன்றாகக் குறைக்க முடியும். நடைமுறையில் மிகப் பெரிய லாபம் இதுதான். அமெரிக்க வாகன சங்கமான ஏஏஏ, புதிய கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் ஆகும் என்று 2024-இல் கணக்கிட்டது. தேய்மானம், காப்பீடு, எரிபொருள், வட்டி எல்லாம் சேர்த்து. மாதம் ஆயிரம் டாலர். வீட்டுக் கடன் தவணையோடு இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், எட்டாது என்று நினைத்த வீடு எட்டக்கூடும்.

ஒன்றைக் கவனியுங்கள். டிராமுக்காகப் பிறந்த ஊர்களில் பெரும்பாலானவற்றில் இன்று டிராம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தடங்களைப் பெயர்த்துவிட்டார்கள். பாஸ்டன், பிலடெல்பியா, கிளீவ்லாந்து, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற சில நகரங்களில்தான் மிச்சம். மற்ற இடங்களில் அதே வழியில் பஸ் ஓடும். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் பாருங்கள். வார நாள் அட்டவணை எப்போதும் நன்றாகத்தான் தோன்றும்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போது வித்தியாசம் தெரியுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மா, வாழ்நாள் முழுவதும் தாங்களே கடைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் போய்வந்தவர்கள். நெடுஞ்சாலையோர மனைப்பிரிவில் வந்து இறங்கியதும் அவர்கள் கால்கள் கட்டப்பட்டுவிடுகின்றன. மகனோ மகளோ வேலை முடிந்து வந்து காரில் அழைத்துப் போனால்தான் உலகம். அவர்கள் குறை சொல்வதில்லை. 'நேரம் போகவில்லை' என்று மட்டும் சொல்வார்கள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, நூலகம் தெருக்கோடியில் இருப்பதைக் கண்டுபிடித்தார். முதலில் பேரனோடு போனார். பிறகு தனியாகப் போகத் தொடங்கினார். உள்ளே சன்னலோரம் ஒரு நாற்காலி அவருடையது போல ஆகிவிட்டது. நூலகர் அவரைப் பார்த்ததும் தலையசைப்பார். போகும் வழியில் நான்காவது வீட்டின் முன்திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் மாமியாரும் தத்தம் மொழியில் ரோஜாச் செடிகளைப் பற்றி என்னவோ பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்ல அவரிடம் செய்தி இருக்கும். அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சின் தன்மையே மாறிப்போனது.

முன்திண்ணை வெறும் அலங்காரம் அல்ல. வீடு தெருவை நெருங்கி நிற்பதும், திண்ணை தரையிலிருந்து சில படி உயர்ந்திருப்பதும், கார் நிறுத்தும் கொட்டகை பின்னால் சந்தில் இருப்பதும் சேர்ந்துதான் தெருவில் நடப்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் கண்கள் சந்திக்கும்படி செய்கின்றன. கொட்டகைக் கதவே வீட்டின் முகமாக இருக்கும் தெருவில் அக்கம்பக்கத்தாரின் முகம் பார்ப்பது அரிது.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒன்றுக்கும் குறைவு. வாகன நெரிசல் உறவுகளைத் தின்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் பார்த்ததில்லை. ஆகவே பழைய பேட்டைக்குள்ளேயே எந்தத் தெரு என்பதும் முக்கியம். நெரிசலான பெருந்தெருவிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு பாருங்கள்.

குழந்தைகளைத் தனியாக அனுப்பலாமா?

1969-இல் அமெரிக்காவில் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-இல் 13 சதவீதம். பழைய புறநகர்களில் பள்ளிகள் வீடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்தப் பழைய வழக்கம் ஓரளவு உயிரோடு இருக்கிறது. காலையில் பிள்ளைகள் கூட்டமாகப் போவதைப் பார்த்தால் உங்கள் பிள்ளையையும் அனுப்பத் துணிவு வரும்.

அச்சம் கொள்ள வேண்டியது வண்டியின் வேகத்தைத்தான். ஏஏஏ அறக்கட்டளையின் 2011 ஆய்வின்படி, மணிக்கு 23 மைல் வேகத்தில் வரும் கார் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம். 32 மைலில் 25. 42 மைலில் 50. குறுகலான தெரு, இருபுறமும் நிற்கும் கார்கள், மேலே கவிந்த மரம் எல்லாம் ஓட்டுநரைத் தானாகவே மெதுவாகப் போகவைக்கும்.

நூறு வயது வீட்டில் என்னென்ன கோளாறு இருக்கும்?

நிறைய இருக்கும். தெரிந்து வாங்கினால் அவற்றில் பெரும்பாலானவை சமாளிக்கக் கூடியவை. நான் முக்கியமாகக் கருதும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். கூரை, மழைநீர்த் தாரை, பேஸ்மென்ட் சுவர். பழைய வீட்டின் முதல் எதிரி ஈரம். மழை பெய்த மறுநாள் பேஸ்மென்ட்டுக்குப் போய் முகர்ந்து பாருங்கள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஊடுருவுகிறது என்று அர்த்தம். செங்கல் சுவரை முன்பு கட்டியவர்கள் சுண்ணாம்புக் காரை பயன்படுத்தியிருப்பார்கள். பின்னால் வந்த யாராவது இடுக்குகளைக் கடினமான சிமென்ட்டால் அடைத்திருந்தால், ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வெளியேறும். செங்கலின் முகம் பொரிந்து உதிரும். நல்ல நோக்கத்தோடு செய்த தவறான பராமரிப்பு, பராமரிக்காமல் விட்டதைவிட மோசமாகிவிடுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்து சாக்கடைக் குழாய். வீட்டிலிருந்து தெரு வரை போகும் குழாய் சுட்ட மண்ணால் ஆனதாக இருக்கும். அதன் இணைப்புகளில் மரவேர் நுழையும். அழகான நிழல் தரும் அதே மரம்தான். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர் ஆகும். குழாயைத் தோண்டி மாற்றப் பல ஆயிரம். வழக்கமான வீட்டு ஆய்வில் இந்தக் கேமராச் சோதனை சேராது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மின்வயர். 1940-களுக்கு முன் கட்டிய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் தாங்கி, உத்தரங்களைத் துளைத்த பீங்கான் குழல்களுக்குள் செலுத்திய ஒற்றை வயர்கள் இருக்கலாம். பேஸ்மென்ட்டில் விளக்கடித்து மேலே பார்த்தால், மரச்சட்டத்தில் வரிசையாக வெள்ளைக் குமிழ்கள் தெரியும். சில குமிழ்களில் வயர் இருக்காது. அது பழையதை நீக்கிய அடையாளம். வயர் இருந்தால், அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். இதில் பூமி இணைப்புக் கிடையாது. மேலே வெப்பக்காப்புப் பஞ்சைப் போர்த்தினால் சூடேறும். பல காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய வீட்டை ஏற்க மறுக்கும். ஆகவே விலை பேசும் முன்பே காப்பீட்டாளரிடம் பேசிவிடுங்கள்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. பழைய வீடு சேதமடைந்து திரும்பக் கட்டும்போது இன்றைய கட்டட விதிகளின்படிதான் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் செலவைச் சாதாரணக் காப்பீடு முழுதாகத் தராது. விதிமாற்றச் செலவுக்கான தனிப் பிரிவு பாலிசியில் இருக்கிறதா, எவ்வளவு என்று கேளுங்கள்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கால மரம் முதிர்ந்த காடுகளில் மெதுவாக வளர்ந்தது, வளையங்கள் நெருக்கமாக இருக்கும், எளிதில் உளுக்காது. அப்படிச் செய்த சன்னலைப் பழுது பார்த்து, வெளிப்புறம் ஒரு கூடுதல் கண்ணாடிச் சட்டம் மாட்டினால் குளிர் பெருமளவு அடங்கும். பிளாஸ்டிக் சன்னலைப் பழுது பார்க்க வழியில்லை. கெட்டால் குப்பைக்குத்தான் போகும்.

உங்கள் வீடு தபாலில் வந்ததாகவும் இருக்கலாம்! 1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் விலைப்பட்டியல் புத்தகத்தின் மூலம் வீடுகளை விற்றது. எண் குறித்த மரச்சட்டங்கள் ரயிலில் வந்து இறங்கும். வாங்கியவர் கோத்து எழுப்பிக்கொள்வார். உத்தரங்களில் எழுத்தும் எண்ணும் முத்திரையிட்டிருந்தால் அதுவாக இருக்கக்கூடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ஈயப் பெயின்ட் என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானது. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயின்டை அமெரிக்கா 1978-இல் தடைசெய்தது. 1940-க்கு முன் கட்டிய வீடுகளில் 87 சதவீதத்தில் எங்காவது ஈயப் பெயின்ட் இருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஆகவே 'இருக்கிறதா' என்று கேட்பதைவிட 'எங்கே, எந்த நிலையில்' என்று கேளுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பெயின்டால் உடனடி ஆபத்து குறைவு. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சன்னல்கள், உராயும் கதவுகள், உரிந்த திண்ணைத் தரை ஆகிய இடங்களில் தூளாகும்போதுதான் தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போகும்.

1978-க்கு முந்தைய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தங்களுக்குத் தெரிந்த ஈய விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். வாங்குபவருக்குச் சோதனை செய்துகொள்ளப் பத்து நாள் அவகாசம் உண்டு. போட்டி மிகுந்த சந்தையில் அதை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டார் விட்டுக்கொடுக்காதீர்கள். பழுது பார்க்க வருபவர் ஈயப் பாதுகாப்புச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள்; 2010 முதல் இது கட்டாயம். குழந்தை மருத்துவரிடம் வீட்டின் வயதைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். ஈயக் குழாய்க்குத் தடை வந்தது 1986-இல்தான்.

வரலாற்றுப் பகுதி என்றால் சன்னல் மாற்றக்கூட அனுமதி வேண்டுமாமே?

எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் வீட்டு முகவர்கள்கூடக் குழப்புகிறார்கள்.

1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. உங்கள் வீடோ தெருவோ அதில் இருப்பது ஒரு கௌரவம். மத்திய அரசின் பணமோ உரிமமோ சம்பந்தப்படாத வரை, உங்கள் சொந்தப் பணத்தில் நீங்கள் செய்வதை அது தடுக்காது. கட்டுப்பாடு வருவது உள்ளூர்ச் சட்டத்தால். 1931-இல் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் முதன்முதலாக ஒரு பகுதி முழுவதையும் இப்படிப் பாதுகாத்தது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் இதற்கென ஆணையம் உண்டு. தெருவிலிருந்து தெரியும் மாற்றத்துக்கு அந்த ஆணையத்தின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். நியூ யார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைப் பற்றிய வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கட்டுப்பாடுகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாங்கிய பிறகு எதிர்த்து வாதாடலாம் என்று எண்ண வேண்டாம்.

பொதுவாக வீட்டின் உட்புறத்தில் தலையிட மாட்டார்கள். சமையலறையை உங்கள் விருப்பப்படி மாற்றலாம். பெயின்ட் நிறத்தைச் சில ஊர்கள் பார்க்கும், பல ஊர்கள் பார்க்காது. சன்னல், கூரைப் பொருள், திண்ணை, முன்பக்க விரிவாக்கம் ஆகியவைதான் தகராறு வரும் இடங்கள். சூரியத் தகடுகளைத் தெருவிலிருந்து தெரியாத பின்கூரையில் வைத்தால் அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

விலைப்பத்திரத்தில் கையெழுத்திடும் முன் நகராட்சியின் திட்டப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி முகவரியைச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளூர்ப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா? இதற்கு முன் அனுமதியின்றிச் செய்த வேலை ஏதும் நிலுவையில் இருக்கிறதா? ஊழியரே ஒப்புதல் தரும் வேலைகள் எவை, ஆணையக் கூட்டத்துக்குப் போக வேண்டியவை எவை? பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலையை நேசிப்பவர்கள். முன்கூட்டியே போய்ப் பேசுபவருக்கு நிறைய உதவுவார்கள்.

வரிச்சலுகை உண்டா?

மத்திய அரசின் 20 சதவீத மறுசீரமைப்பு வரிச்சலுகை வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. சில மாநிலங்கள் சொந்த வீட்டுக்கும் தனியாகச் சலுகை தருகின்றன. வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

ஒருகாலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே வீடு விற்கவே மாட்டார்களாமே?

உண்மை. இதைத் தெரிந்துகொண்டுதான் குடிபோக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த அழகான தெருக்களில் பலவற்றின் பழைய விலைப்பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். சில இடங்களில் யூதர்களுக்கும் ஆசியர்களுக்கும் கூடாது என்று இருக்கும். 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே செயின்ட் லூயிஸில் ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டைப் பற்றியதுதான். விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968-இல் வந்தது. இவற்றுக்கு முன்பே, 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களை நான்கு நிறமாகப் பிரித்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பாகக் குறித்தது. கடன் கிடைக்காமல் அந்தப் பகுதிகள் நலிந்தன.

சில ஊர்கள் இந்த வரலாற்றை நேருக்கு நேர் சந்தித்தன. ஓக் பார்க் 1968-இல் தன் சொந்த நியாய வீட்டுவசதி விதியை நிறைவேற்றியது. ஷேக்கர் ஹைட்ஸில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாழும் தெருக்களை அங்கிருந்தவர்களே முயன்று உருவாக்கினார்கள். நமக்குக் கதவு திறந்ததில் அவர்கள் பட்ட பாட்டுக்குப் பங்கு உண்டு. உங்கள் பத்திரத்தில் அந்தப் பழைய வரி இன்னும் இருந்தால், அதை மறுத்துப் பதிவுசெய்ய இன்று பல மாநிலங்களில் வழி இருக்கிறது. செய்யுங்கள்.

விலை ஏன் இவ்வளவு அதிகம்?

இத்தகைய இடங்கள் குறைவு; புதிதாக உருவாக்குவதற்குப் பல ஊர்களின் விதிகள் இடம் தருவதில்லை. வேண்டுபவர் பலர், இருப்பது கொஞ்சம். இருக்கும் பேட்டைகளிலேயே இரட்டை வீடு, நான்கு குடித்தன வீடு ஆகியவற்றை முன்பு போலக் கட்ட அனுமதித்தால் ஓரளவு இளகும். மினியாபொலிஸ் நகரம் 2018-இல் எடுத்த முடிவும் ஒரிகான் மாநிலம் 2019-இல் இயற்றிய சட்டமும் அந்தத் திசையில் வைத்த அடிகள். வரலாற்றைக் காக்கிறோம் என்ற பெயரில் புதியவர்களை வெளியே நிறுத்தும் வாதங்களும் நகராட்சிக் கூட்டங்களில் கேட்கும். எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. பழைய பேட்டைகளிலேயே மூன்று குடித்தன வீடும் மாளிகையும் ஒரே தெருவில்தான் இருந்தன.

கைக்கெட்டும் விலைக்கு வழி வேண்டுமென்றால், இரட்டைக் குடித்தன வீட்டை வாங்கி ஒரு பாதியை வாடகைக்கு விடுவதைப் பாருங்கள். பின்சந்தில் உள்ள பழைய வண்டிக் கொட்டகையைச் சிறு குடியிருப்பாக்க உள்ளூர் விதி இடம் தருகிறதா என்றும் கேளுங்கள். பெற்றோர் தங்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது: தனி வாசல், அழைத்தால் கேட்கும் தூரம்.

கார் நிறுத்த இடம் இருக்குமா?

குறைவாக இருக்கும். சில ஊர்களில் இரவில் தெருவில் நிறுத்தவே கூடாது. குடியிருப்போர் அனுமதிச்சீட்டு, பனிக்கால விதி இரண்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நடைபாதை, மரம், பனி எல்லாம் யார் பொறுப்பு?

பல ஊர்களில் உங்கள் மனைக்கு முன்னுள்ள நடைபாதையில் பனியை அள்ளுவது உங்கள் கடமை. அதைப் பழுது பார்ப்பதும் சில இடங்களில் உங்கள் செலவே. வெள்ளி மேப்பிள் போன்ற மரங்களின் வேர் சிமென்ட் பலகையை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிடும். தடுக்கி விழுபவர் முதியவராக இருந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள மரம் பெரும்பாலும் நகராட்சியுடையது. அனுமதியின்றிக் கிளை வெட்டக் கூடாது. காலையில் எழுந்து பனியை அள்ளுவது சலிப்பான வேலைதான். ஆனால் நடந்து போக முடிகிற ஊரில் இருக்கிறோம் என்றால், மற்றவர் நடப்பதற்கான வழியை நாம் திறந்துவைத்தே ஆக வேண்டும்.

சத்தமும் அந்தரங்கமும் எப்படி?

பக்கத்து வீட்டுச் சன்னல் பன்னிரண்டடி தூரத்தில் இருக்கும். ரயில் ஓசை கேட்கும். இது ஒத்துவராதவர்கள் ஒத்துவராது என்று சொல்லிவிடுவது நல்லது. அதில் குறை ஒன்றுமில்லை.

நேராக வாங்குவதா, முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதா?

முடிந்தால் வாடகை. பழைய பேட்டைகளில் கடைகளுக்கு மேல் மாடியிலும் இரட்டை வீடுகளிலும் வாடகைக்கு இடம் கிடைக்கும். வாடகை ஒப்பந்தம் இலையுதிர்காலத்தில் தொடங்கினால் நல்லது. மே மாதத்தில் எந்தத் தெருவும் நடக்க இனிமையாகத்தான் இருக்கும். சனவரியில் ரயில் நிலையத்துக்கு எப்படிப் போகிறீர்கள், சூடேற்றச் செலவு எவ்வளவு வருகிறது, எந்தத் தெருவில் பனியை ஒழுங்காக அள்ளுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டால், வசந்தத்தில் வீடுகள் சந்தைக்கு வரும்போது எந்தத் தெருவில் வீடு வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தில் சொல்லியும் வையுங்கள். வீடு விளம்பரத்துக்கு வரும் முன்பே, விற்க நினைப்பவர் யார் என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.